திரையின் வலது ஓரம்

எதிர் வீட்டுக்காரர் ஒருவர், தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்ள என்னிடம் வந்தார். எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தபடியே எனக்கும் தெரிகிறது என்று சொன்னேன். ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றிய வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காகச் சொன்னேன். அதனால் அவருக்குப் பார்வை போயிற்று. அப்போது நான் மைசூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்பவன் எதற்கெல்லாம் பொய் சொல்வான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. என்னை அவர் 'ஸ்வாமி' என்று கூப்பிடுவார். மைசூரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு. நான் அவரை 'சார்' என்பேன்.

நஞ்சன்கூடு லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அவர் ஸ்டேஷன் மாஸ்டர். யாதவகிரியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருந்தார். அவருடைய அப்பாவும் ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். அந்தக் காலத்துச் சின்ன ஸ்டேஷன்களில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விடும் முன்பு போனில் கேட்க வேண்டும். அங்கிருப்பவர் சொல்வதை இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் சொல்வதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வாயிலும் ஒரே பேச்சு வந்தால்தான் வண்டி நகரும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். இந்த மனிதர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று பால்காரரிடம் சொல்வார். பால்காரர் தலையாட்டினால் விடமாட்டார்.

"திருப்பிச் சொல்லப்பா."

"அரை லிட்டர், சார்."

"அஷ்டே" என்பார். அவ்வளவுதான் என்பதற்குக் கன்னடத்தில் சொல்வது. அந்தச் சொல் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது, இனி அவர் மனத்தில் சந்தேகமே கிடையாது என்று அர்த்தம்.

குழம்பில் உப்புக் கூடுதல் என்று தோன்றினால் மனைவியிடம் சொல்லமாட்டார். ஒரு கரண்டி குழம்பை டம்ளரில் ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி ருசி பார்த்து, "கொஞ்சம் தூக்கல்தான்" என்று சொன்ன பிறகுதான் அவர் வீட்டில் பேச்சு எழும். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம், ராமாபுரத்துப் பெண். ஒரு நாள் வாசலில் நின்று என் மனைவியிடம் சொன்னார்: "இவருக்கு நாக்கு ஒண்ணு, அதுக்கு மேலதிகாரி நாக்கு உங்க வீட்டுல ஒண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்லைங்க, நாந்தானே ஆக்குனேன்!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் அவருக்கு வருத்தமே இருந்ததில்லை.

அவர் மனம் விட்டு ஈடுபட்ட ஒரே கேளிக்கை வீடியோ கேம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்த தங்கை கணவர் கொண்டுவந்து கொடுத்தது. கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி, செங்கல் கனம். பென்சில் செல் நான்கு போட வேண்டும். பின்னால் கேசட்டைச் செருகினால் பாசிப்பச்சைத் திரையில் கறுப்பு உருவங்கள் நகரும். திரைக்கு உள்ளே விளக்குக் கிடையாது. வெளிச்சம் வெளியிலிருந்து விழ வேண்டும். அதனால் ஓய்வு நாட்களில் அவர் காலையில் கேட் அருகே நாற்காலி போடுவார். வெயில் நகர நகர நாற்காலியும் சுவரோரமாக நகரும். மத்தியானம் அவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம்.

கட்டைகள் மேலிருந்து விழ, அவற்றைத் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்கும் ஆட்டம்தான் அவருக்கு உயிர். அந்தக் கேசட்டில் ஒரு குறை உண்டு. எடுத்த புள்ளிகள் பெட்டியை அணைத்தால் அழிந்துவிடும். அதனால் நல்ல புள்ளி வந்த நாளெல்லாம் பெட்டியை அணைக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வருவார், நிறைந்து வழியும் காப்பியைக் கொண்டுவருகிறவர் மாதிரி.

"ஸ்வாமி, சீக்கிரம். செல் தீரப் போகுது. என்ன தெரியுது, சொல்லுங்க."

நான் எண்ணைப் படிப்பேன். அவரும் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அங்கேயே அணைத்துவிடுவார். வேறொருவர் பார்க்காத புள்ளி அவரைப் பொறுத்தவரை எடுக்காத புள்ளி. ஒரு முறை நாங்கள் ஊரில் இல்லாதபோது அவர் அதுவரை எடுக்காத பெரிய புள்ளி எடுத்திருக்கிறார். அக்கா பார்த்தேன் என்று சொல்லியும் கணக்கில் சேர்க்கவில்லை. "அவளுக்கு என் மேல பாசம் இருக்கு ஸ்வாமி. சாட்சி செல்லாது" என்றார்.

என் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு அவர்மேல் பாசம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

தொண்ணூறுகளின் கடைசியில் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதே கம்பெனியின் அடுத்த தலைமுறை. வண்ணத் திரை. பாதி கனம், இரண்டே செல். அவர் பெட்டியைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை பிடித்திருந்தது. அன்றிலிருந்து தெருவுக்கு அந்தப் பக்கம் பழசு, இந்தப் பக்கம் புதுசு என்று ஆயிற்று.

"உங்க திரை பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு, சார்" என்பேன்.

"தொட்டியில மீன் இருக்கே ஸ்வாமி. உங்களுதுல தண்ணி மட்டும்தானே பளபளன்னு இருக்கு?"

அதில் நியாயம் இருந்தது. பழசுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் வந்திருந்தன. சதுரங்கம், நீர்மூழ்கிக் கப்பல், கார்ப் பந்தயம், குகைக்குள் இறங்கிச் சாவி தேடும் ஆட்டம் என்று அவரிடமே ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. புதுசுக்கென்றே வந்தவை அப்போது கொஞ்சம்தான். அவற்றிலும் பாதி, பழைய ஆட்டத்துக்கே சாயம் பூசியவை.

"உங்க கேசட் எல்லாம் என் பெட்டியில ஓடும். என் கேசட் உங்களுதுல ஓடாது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"என் கேசட்தான் உங்க பெட்டிக்குச் சோறு போடுதுன்னு சொல்றேன்."

ஒரு நாள் என்னுடைய புதுக் கேசட்டை, உள்ளே தெரியும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கேசட்டை, அவர் பெட்டியில் செருகிப் பார்த்தார். சுவிட்சே நகரவில்லை. அந்தக் கேசட்டில் சுவிட்சுக்கு வேண்டிய பள்ளத்தை வைக்காமல் விட்டிருந்தார்கள். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் கேசட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "லைன் கிளியர் கிடைக்கலை ஸ்வாமி. என் ஆளு தெரியாத வண்டியை உள்ளே விடமாட்டான்" என்றார்.

எப்போதும் இப்படித்தான். கோபமே இல்லாமல் கடைசி வார்த்தை அவருடையதாகிவிடும். அவருடைய வாதத்தில் ஒன்று மட்டும் என்னை உண்மையிலேயே உறுத்தியது. பழைய திரையில் சாயல் நாலே நாலுதான், அதனால் ஆட்டம் செய்தவன் ஒவ்வொரு பொருளையும் வடிவத்தாலேயே அடையாளம் தெரியும்படி செய்தான், நிறம் வந்ததும் அந்த அக்கறை போய்விட்டது என்பார். வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் என் பேச்சை யாரும் மறுப்பதில்லை. இந்த மனிதர் ஒரே ஒரு தடவை, 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொன்னால் போதும் என்று இருந்தது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அற்பம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். புள்ளி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். முகம் வேறு மாதிரி இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவைத்து, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"வலது ஓரம் பாருங்க ஸ்வாமி. அடுத்த கட்டை காட்டுற இடம். மங்கிப் போயிருக்கா?"

அந்த ஆட்டத்தில் இடது பக்கம் கட்டைகள் விழும். வலது ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அடுத்து வரப்போகும் கட்டை முன்கூட்டியே தெரியும். நல்ல வெயில். நான் பார்த்தேன். நீளமான குச்சிக் கட்டை ஒன்று பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. திரையில் ஒரு குறையும் இல்லை.

"ஆமா சார். மங்கித்தான் போச்சு" என்றேன்.

"ஹௌதா?" அப்படியா என்று கேட்கிறார். "திருப்பிச் சொல்லுங்க."

"வலது ஓரம் மங்கிப் போச்சு."

"வலது ஓரம் மங்கிப் போச்சு. அஷ்டே." பெருமூச்சு விட்டார். "அப்போ பெட்டிதான். நான் கண்ணோன்னு பயந்துட்டேன் ஸ்வாமி. எங்கப்பாவுக்குக் கடைசியில சுத்தமாத் தெரியாமப் போச்சு. நாளைக்கு லீவ் போட்டு டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். 'சும்மா சொன்னேன், திரை நல்லாத்தான் இருக்கு, போய்க் கண்ணைக் காட்டுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அவரும் சிரித்திருப்பார். ஆனால் அவர் அதற்குள் பெட்டியை வாங்கித் தடவிக்கொண்டே, "நீங்க சொன்னதுதான் சரி ஸ்வாமி. பழசு பழசுதான்" என்றார்.

வருஷக்கணக்காகக் காத்திருந்த வாக்கியம். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும், என்றைக்காவது அவரே போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பெட்டியை ராமாபுரத்து மைத்துனர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். என் தம்பி மூலமாக அவருக்கும் ஒரு வண்ணப் பெட்டி வந்தது. அதில் தன் பழைய கேசட்டைப் போட்டு, தொடங்கும்போது இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் நிறமெல்லாம் போய்ச் சாம்பலாகிவிடும் என்பதைத் தானே கண்டுபிடித்தார். வண்ணப் பெட்டியில் சாம்பல் ஆட்டம் ஆடினார். "ஊர் மாறினாலும் சாப்பாடு மாறலை ஸ்வாமி" என்றார்.

சில வாரங்கள் கழித்து மறுபடியும் வந்தார். "இதுலயும் அதே இடம் மங்கலா இருக்கே?"

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. இதை மழுப்பி எழுத முடியாது. இரண்டு பெட்டியிலும் ஒரே இடத்தில் குறை என்றால் குறை பெட்டியில் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நான் பொய் சொல்பவன் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியக்கூடாது என்றால், அது அவருக்குத்தான்.

"புதுத் திரை சார். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கணும். பழகணும்" என்றேன்.

அவர் சாய்த்துப் பிடித்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: பெட்டியை ஒரு பக்கம் சாய்த்து, தலையை மறுபக்கம் சாய்த்து, தானியம் தேடும் கோழி மாதிரி. நாற்காலியை வெயிலுக்கு நேராகத் திருப்புவார், மறுபடி திருப்புவார். புள்ளிகளைக் காட்ட வருவது குறைந்து நின்றுபோயிற்று. கேட்டில் தோளை இடித்துக்கொள்வதையும் வலது பக்கமிருந்து வரும் சைக்கிளுக்கு ஒதுங்காமல் திட்டு வாங்குவதையும் பார்த்தேன். இவர் ஸ்டேஷனில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நினைப்பேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்த வருஷத் தசராவுக்கு ராமாபுரத்து மைத்துனர் வந்திருந்தார். ஊர்வலம் பார்த்துவிட்டு எல்லோரும் எதிர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, அந்தப் பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்களே. கண்ணாடியாட்டம் தெரியுதுங்க" என்றார் மைத்துனர்.

அவர் என் பக்கம் திரும்பினார். சரியாக என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"என்ன ஸ்வாமி, இப்படிச் சொல்றான்?"

"உங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி. நல்ல வெயில்ல எந்தத் திரையும் தெளிவாத்தான் தெரியும்" என்று மைத்துனரிடம் சொன்னேன்.

"அஷ்டே" என்றார் அவர்.

அடுத்த கோடையில் பிளாட்பாரத்தில் வந்த பார்சல் தள்ளுவண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கை முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர்தான் அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் தன் விரலை அசைத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிப்போகும் வியாதி. இடது கண் அவருக்கே தெரியாமல் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு துளை அளவு மிச்சம். ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருந்தால் இருந்ததை இருந்தபடி நிறுத்தியிருக்கலாம், போனதைக் கொண்டுவர மருந்து இல்லை என்றார் டாக்டர். முன்னால் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"தெரிஞ்சது டாக்டர். பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம்" என்றார் இவர். நினைச்சோம் என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலையிலிருந்து அவரே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். வேளாவேளைக்கு இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட வேண்டும். அக்காவுக்குக் கை நடுங்கும். நான் விடுகிறேன் என்றேன். கல்லூரிக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் போவேன். நாற்காலியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்து, ஒவ்வொரு சொட்டாக விடுவேன். பெங்களூருக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷனும் ஆயிற்று. துளை சின்னதாகிக்கொண்டே வந்தது. "சொந்தத் தம்பி செய்யமாட்டான்" என்று அக்கா தெருவில் எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு காலை, சொட்டு விடும் முன்பு சொல்லிவிட்டேன். அன்றைக்குத் திரையில் ஒரு குறையும் இல்லை என்பதையும் எதற்காகப் பொய் சொன்னேன் என்பதையும், அதன் பிறகு இரண்டு முறை தெரிந்தே மறைத்ததையும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்தபடியே கேட்டார்.

"அப்போ அந்தப் பெட்டி நல்லாத்தான் இருந்ததா?"

"நல்லாத்தான் இருந்தது சார்."

"அடுத்த கட்டை தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது."

"பாவம், அதை அனுப்பிட்டேனே" என்றார். பிறகு, "மருந்தை விடுங்க ஸ்வாமி, நேரமாகுது" என்றார்.

காப்பியோடு அக்கா சமையலறை வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"நானே விட்டுக்கறேன். நீங்க போங்க" என்றார்.

முதல் சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதும் கன்னத்தில்தான் விழுந்தது. நான் கிளம்பிவிட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் போனேன். கதவு திறக்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு ராமாபுரத்துக்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய லாரியை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை போனேன். கொள்ளேகாலத்தில் பஸ் மாறி, மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் நின்றுகொண்டே ராமாபுரத்தில் இறங்கினேன். மைத்துனர் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் அக்கா புளி உலர்த்திக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே இருட்டில், கதவை ஒட்டி, ஒரு கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். முகம் எங்கள் பக்கம்தான் இருந்தது.

"யாரும்மா அது? வாசல்ல நிழல் மாதிரி, யாரோ வந்த மாதிரி இருக்கே?"

நிழல் அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டிருப்பார். நான் பேச வாயெடுத்தேன். அக்கா என்னையே பார்த்தார்.

"யாருமில்லீங்க. மலைக்குப் போறவரு, வழி கேக்கறாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "இப்படியே நேராப் போனீங்கன்னா பஸ் ஸ்டாண்டு வருமுங்க."

"பாவம், வெயில்ல வந்திருக்காரு. குடிக்கத் தண்ணி குடு" என்றார் அவர்.

அக்கா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். ஒரு வார்த்தை பேசினாலும் குரல் தெரிந்துவிடும். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா காட்டிய திசையில் நடந்தேன்.